காம்பேக்ட் எஸ்யூவி வாங்குவது: டேப், பின் சீட், கொட்டேஷன்

வீட்டில் ஐந்து பேர், ஒரே வண்டி, பட்ஜெட் பத்து லட்சத்தை ஒட்டி. இந்த மூன்றும் சேர்ந்தால் தமிழ்நாட்டில் பேச்சு நான்கு மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவிகளில்தான் வந்து நிற்கும்: நெக்ஸான், பிரெஸ்ஸா, வென்யூ, சோனெட், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, கைலாக், மேக்னைட், கைகர். வீட்டுக்கு ஒன்று வாங்கியபோதும், சொந்தக்காரர்களுக்காக ஷோரூம் ஏறி இறங்கியபோதும் கடைப்பிடித்த வரிசையையே இங்கே தருகிறேன். பெரும்பாலோர் சன்ரூஃப், ஸ்க்ரீன் சைஸ், கலர் என்று தொடங்கிக் கடைசியில்தான் கொட்டேஷன் தாளுக்கு வருகிறார்கள். அந்தத் தாளை முதலில் கையில் எடுத்தால் பாதி வேரியன்ட்டுகள் தானாகக் கழன்றுவிடும்.

முதலில் ஜிஎஸ்டி. வண்டி 4000 மிமீ நீளத்துக்குள் இருக்க வேண்டும்; பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரம்புக்குள் வரும் வண்டிக்கு 18 சதவீதம், வெளியே போனால் 40. நீளம் மட்டும் போதாது என்பதற்கு பிரெஸ்ஸாவே சாட்சி. நான்கு மீட்டருக்குள் இருந்தும் எஞ்சின் 1462 சிசி பெட்ரோல் என்பதால் 40 சதவீதப் பட்டியலில் நிற்கிறது. 'ஜிஎஸ்டி குறைஞ்சிருச்சே, இது மட்டும் ஏன் அவ்வளவு இறங்கல' என்று பலர் கேட்பதற்குக் காரணம் இதுதான். அதற்காக பிரெஸ்ஸாவை ஒதுக்க வேண்டியதில்லை. டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் எஞ்சினும் டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் இந்த விலையில் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். எதற்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

அடுத்தது சாலை வரி. உண்மையான பள்ளம் இங்கேதான் இருக்கிறது. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். பத்தைத் தாண்டி இருபது லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்ஷூரன்ஸும் சேராத விலை, ₹9,95,000 உள்ள வண்டிக்கு வரி ₹1,29,350. ₹10,05,000 வண்டிக்கு ₹1,80,900. விலை வித்தியாசம் பத்தாயிரம், வரி வித்தியாசம் ₹51,550. இதோடு பத்து லட்சத்தைத் தாண்டியதும் விலையில் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம், ஆனால் டெலிவரி அன்று கையிலிருந்து போக வேண்டிய பணம்தானே. கூரை மட்டும் கறுப்பாக இருக்கும் டூயல் டோன் கலரும் தனி எக்ஸ்-ஷோரூம் விலையோடுதான் வருகிறது. அந்தக் கலர் ஆசை ஒன்றே வண்டியைப் பத்து லட்சக் கோட்டைத் தாண்ட வைப்பது உண்டு.

ஆகவே, ₹9.80 முதல் ₹10.30 லட்சம் வரை விலை போட்ட வேரியன்ட்டுகளை மட்டும் தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலை கேட்டு வாங்குங்கள். கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருப்பதை எடுங்கள். தாண்டுவதென்றால் நன்றாகத் தாண்டி, அந்த வரிக்குத் தகுந்த வசதியோடு எடுங்கள். கோட்டுக்குச் சற்று மேலே நிற்பதுதான் நஷ்டம். புதுச்சேரியில் பதிவு செய்தால் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். வண்டி நிரந்தரமாக ஓடப்போவது தமிழ்நாட்டில் என்றால் இங்கே வரி கட்டித்தான் ஆக வேண்டும், அந்த யோசனையே வேண்டாம்.

இனி டேப். ஷோரூமுக்குப் போவதற்கு முன் வீட்டு பார்க்கிங்கை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். நீளம் எல்லா வண்டிக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், அகலம் மாறும். மேக்னைட் 1758 மிமீ, நெக்ஸான் 1804, 3எக்ஸ்ஓ 1821. சைடு மிரர் இதில் சேர்த்தி இல்லை. அடுக்குமாடித் தூண்களுக்கு நடுவே நிறுத்துபவர்கள் டிரைவர் பக்கம் குறைந்தது 60 செமீ இடைவெளி கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கதவு முழுசாகத் திறக்காது, முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கத் திணறுவார்கள். கிரவுண்ட் கிளியரன்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். நெக்ஸானுக்கு 208 மிமீ என்று போட்டிருப்பது நல்ல எண்தான், ஆனால் ஐந்து பேரும் சாமான்களும் ஏறினால் எந்த வண்டியும் இறங்கும். வெற்று வண்டியின் அளவா, ஆளேறிய அளவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே இடம் எவ்வளவு என்பதற்கு வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) ஒரு குறிப்பு தரும். நெக்ஸான் 2498 மிமீ, பிரெஸ்ஸா 2500, 3எக்ஸ்ஓ 2600. ஆனாலும் பின் சீட்டை எண்ணை வைத்துத் தீர்மானிக்க முடியாது. வீட்டில் மூத்தவர்களை அழைத்துப் போங்கள். முன் சீட்டை வழக்கமாக ஓட்டுபவரின் உயரத்துக்குத் தள்ளிவைத்த பிறகு பின்னால் மூன்று பேர் உட்கார வேண்டும், நடுவில் கனமான ஆள். பத்து நிமிடமாவது அப்படியே இருக்கட்டும். கவனிக்க வேண்டியவை சின்ன விஷயங்கள். தொடை முழுவதும் சீட்டில் படிகிறதா, பாதியில் தொங்குகிறதா. நடுவில் தரை மேடு எவ்வளவு உயரம். நடுச் சீட்டுக்கு மூன்று முனை பெல்ட்டும் ஹெட்ரெஸ்ட்டும் உண்டா. புடவை கட்டியவர் ஏறும்போது கால் கதவுப் படியில் தடுக்கிறதா. எஸ்யூவியின் பெரிய லாபமே சீட் இடுப்பு உயரத்தில் இருப்பதுதான். குனியாமல், எக்காமல், அப்படியே திரும்பி உட்கார வேண்டும். சில மாடல்களில் கூரை பின்பக்கம் சரிந்து வருவதால் உயரமானவர் ஏறும்போது தலை இடிக்கும். குழந்தை இருந்தால் சைல்டு சீட்டைக் கையோடு எடுத்துப்போய் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டிப் பாருங்கள். அது ஏறிவிட்டால் பக்கத்தில் இன்னும் இரண்டு பெரியவர்கள் உட்காருவது இந்த அகல வண்டிகளில் ஏறக்குறைய முடியாது. ஐந்து பேர் வண்டி அப்போது நான்கு பேர் வண்டிதான்.

டிக்கி விஷயத்தில் லிட்டர் கணக்கு ஏமாற்றும். ஒரு கம்பெனி பார்சல் ட்ரே வரை அளக்கும், இன்னொன்று கூரை வரை. நெக்ஸானுக்கு 382, பிரெஸ்ஸாவுக்கு 328 என்று சொல்வதை ஒப்பிடுவதைவிட, வீட்டிலுள்ள பெரிய டிராலி பையையே எடுத்துப்போய் வைத்துப் பார்க்கலாம். டிக்கி வாசல் விளிம்பு உயரமாக இருந்தால் 26 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிப்போடும்போது முதுகு சொல்லும். சிஎன்ஜி வாங்குபவர்கள் முதலில் டிக்கியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒற்றை சிலிண்டர் வைத்த மாடல்களில் டிக்கி என்று ஒன்று மிஞ்சாது. இரண்டு சிறிய சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் படுக்கவைத்த நெக்ஸான் சிஎன்ஜியில் 321 லிட்டர் மிஞ்சுகிறது. சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தச் சோதனை) செய்ய வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டீசலா பெட்ரோலா என்ற கேள்விக்குப் பதில் மாதக் கிலோமீட்டரில் இருக்கிறது. பெட்ரோல் லிட்டர் ₹101, டீசல் ₹92 என்று வையுங்கள். ஊருக்குள்ளும் ஹைவேயிலும் கலந்து ஓட்டினால் டர்போ பெட்ரோல் 13, டீசல் 18 கொடுக்கிறது என்றால் கிலோமீட்டருக்குச் செலவு ₹7.77, ₹5.11. மிச்சம் ₹2.66. ஆன்-ரோடில் டீசலுக்கு ஒன்றரை லட்சம் கூடுதல் என்றால் அதை மீட்க 56,000 கிமீ ஓட வேண்டும். மாதம் 700 கிமீ ஓட்டும் வீட்டுக்கு ஆறரை வருடத்துக்கு மேல். டீசலில் இன்னொரு சிக்கல் டிபிஎஃப். பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் அந்த ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தினமும் ஸ்கூல், மார்க்கெட், ஆபீஸ் என்று நாலு கிமீ ஓட்டினால் எஞ்சின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும்; ஃபில்டர் அடைத்து வார்னிங் லைட் எரியும், அதையும் தள்ளிப்போட்டால் சர்வீஸ் சென்டரில்தான் போய் நிற்க வேண்டும். வாரம் ஒருமுறை பைபாஸில் இருபது நிமிடம் ஓட்ட முடியாதவர்கள் டீசல் பக்கம் போக வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் என்று பொதுவாகச் சொல்வதில் பல வகை உண்டு. மேனுவல் கியரையே மோட்டார் வைத்து மாற்றும் ஏஎம்டி மலிவு, மைலேஜ் குறையாது, ஆனால் ஒவ்வொரு கியருக்கும் தலையாட்டும். டார்க் கன்வர்ட்டர் வழவழப்பு, எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். இரட்டை கிளட்ச் உள்ள டிசிடி வேகமானது, அதில் டிரை கிளட்ச் வகை என்றால் ஊர்ந்து ஊர்ந்து போகும் டிராஃபிக்கிலும் ஏற்றத்திலும் சூடேறும். கதிப்பாரா பக்கம் தினமும் ஊர்பவர்களுக்கு என் ஓட்டு டார்க் கன்வர்ட்டருக்குத்தான்.

டெஸ்ட் டிரைவில் ஷோரூம் ஆள் காட்டும் காலி ரோட்டில் எதுவும் தெரியாது. நான்கு பேர் ஏறி, ஏசியை முழுசாக வைத்து, ஏதாவது மால் அல்லது ஆஸ்பத்திரி பேஸ்மென்ட்டிலிருந்து மேலே வரும் சரிவுக்குப் போங்கள். பாதியில் நிறுத்துங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். ஹில் ஹோல்டு இரண்டு விநாடி பிடிக்கிறதா, வண்டி பின்னால் உருள்கிறதா? ஆக்சிலரேட்டர் மிதித்ததும் இழுக்கிறதா, மூச்சு வாங்கிவிட்டு இழுக்கிறதா? மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின்களின் குணம் இந்த ஒரு இடத்தில் வெளிப்பட்டுவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் கண்டுபிடிப்பதை பேஸ்மென்ட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பாதுகாப்பில், ஆறு ஏர்பேக், ஈஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) இல்லாத வேரியன்ட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். வண்டியை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியது. நட்சத்திரத்தோடு நிற்காமல் பெரியவர்களுக்கு 32க்கு எவ்வளவு, குழந்தைகளுக்கு 49க்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். ஷோரூமில் விற்கும் சீட் கவர் இந்த இடத்தில் பிரச்சினை. சைடு ஏர்பேக் சீட்டின் ஓரத்திலிருந்து வெடித்து வருகிறது. அந்தத் தையல் பிரியும்படி செய்யாத தடித்த கவரைப் போர்த்தினால் ஏர்பேக் நேரத்துக்கு வெளியே வராது.

கொட்டேஷனுக்கு வருவோம். எக்ஸ்-ஷோரூம், சாலை வரி, பதிவு, இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டாக், இவை நியாயமான இனங்கள். இவற்றுக்குக் கீழே 'ஹேண்ட்லிங்', 'எசென்ஷியல் கிட்', 'டெஃப்லான் கோட்டிங்', 'அக்சஸரீஸ் பேக்' என்று வருபவை பேரத்துக்கு உரியவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'வேண்டாம்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாலே பாதி மறைந்துவிடும். டிஸ்கவுண்ட்டை ரொக்கமாக பில்லில் குறைக்கச் சொல்லுங்கள், அக்சஸரியாக வாங்க வேண்டாம். வெளியில் வயரை வெட்டி ஃபாக் லைட், ஹாரன் மாட்டினால் எலக்ட்ரிகல் வாரன்ட்டி போய்விடும்.

அதிகம் பேரம் பேசக்கூடிய இனம் இன்ஷூரன்ஸ். புதுக் காருக்கு, அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான தர்ட் பார்ட்டி மூன்று வருடத்துக்குக் கட்டாயம்; அதன் பிரீமியம் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான், 1000 சிசி வரை ₹6,521, அதற்கு மேல் 1500 சிசி வரை ₹10,640, இந்தத் தொகைகளோடு ஜிஎஸ்டி தனி. 1.0 டர்போ வண்டிகளுக்கு இங்கே சின்ன ஆதாயம். வித்தியாசம் முழுவதும் நம் வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில்தான். ஐடிவி (வண்டி தொலைந்தாலோ முழுசாகச் சேதமானாலோ கிடைக்கும் தொகை) எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலிவாகத் தெரியும் கொட்டேஷனில் அதைத்தான் குறைத்திருப்பார்கள். அதே ஐடிவி, அதே ஆட்-ஆன்களோடு வெளியில் ஒரு கொட்டேஷன் வாங்கி மேசையில் வைத்தால் டீலர் இறங்கிவருவார். பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் அவசியம். சென்னை, கடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு எஞ்சின் புரொடெக்ட்டும் அவசியம்: தேங்கிய நீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால் உள்ளே போன தண்ணீரை பிஸ்டன் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும், சாதாரண பாலிசி அதற்குப் பணம் தராது. வேறு பாலிசியில் ₹15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருந்தால் இங்கே மறுபடி கட்ட வேண்டியதில்லை.

முழுப் பணத்தைக் கட்டுவதற்கு முன், பதிவுக்கு அனுப்புவதற்கு முன், ஸ்டாக்யார்டில் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பதிவான பிறகு பார்த்தால் வண்டி உங்களுடையது, குறையும் உங்களுடையது. சேஸிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து வருடம்: எஸ் என்றால் 2025, டி என்றால் 2026. மாதம் படிவம் 21-ல் (டீலர் தரும் விற்பனைச் சான்று) இருக்கும். டிசம்பர் வண்டியை ஜனவரியில் வாங்கினால் விற்கும்போது ஒரு வயது கூடிவிடும், அதற்கேற்ப டிஸ்கவுண்ட் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ன் 23வது வாரம். ஐந்து டயரும் ஒரே காலத்தைச் சேர்ந்ததா, எல்லாக் கண்ணாடியும் ஒரே கம்பெனி முத்திரையா என்று பாருங்கள். ஒரே ஒரு கண்ணாடி மட்டும் மாறியிருந்தால் வழியில் உடைந்து மாற்றியது. கதவு விளிம்பு, பம்பர் மூலை, பானெட் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். ஏசி, எல்லா விண்டோ, ரிவர்ஸ் கேமரா, இரண்டு சாவி, ஜாக்கி. ஸ்டெப்னி சிறிய அளவா என்பதையும் கவனியுங்கள். அதை மாட்டினால் 80 கிமீ வேகத்தைத் தாண்டக் கூடாது.

டெலிவரி எடுக்கும்போது பதிவெண், ஹெச்எஸ்ஆர்பி (உயர் பாதுகாப்பு நம்பர்) பலகை, இன்ஷூரன்ஸ் மூன்றும் இருக்க வேண்டும். நாள் நட்சத்திரம் பார்த்து அவசரப்படுத்துபவர்கள் அதற்கேற்ப முன்கூட்டியே பணம் கட்டுங்கள். இன்ஷூரன்ஸ் தாளில் சேஸிஸ், எஞ்சின் எண்களை வண்டியோடு ஒத்துப்பாருங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் கிளெய்ம் நாளில் அலைய வேண்டி வரும். லோன் போட்டிருந்தால் ஆர்சியில் பேங்க் பெயர் ஏறியிருக்கும். கடன் முடிந்ததும் பேங்க் தரும் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) படிவம் 35-ம் கொடுத்து நீக்க வேண்டும், தானாக நீங்காது. டிசிஎஸ் கட்டியிருந்தால் அடுத்த வருமான வரிக் கணக்கு போடும்போது வருமான வரித் தளத்தின் வரிப் பிடித்த அறிக்கையில் அந்தத் தொகை வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் டீலரிடம் பான் எண்ணைத் தவறாகப் பதிந்திருக்கிறார்களா என்று கேட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும்.