குளூட்டமேட் சப்யூனிட்: கூடுவது எடிட்டிங்கா, அளவா?

சிஎஸ்ஐஆர் நெட் ரிசல்ட் வந்துவிட்டது, அப்பாடா! அந்தத் தேர்வின் பார்ட் சி-க்கு நரம்பியலை நம்பி உட்காருகிறவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் ஒரு சின்ன மூலையை மட்டும் எழுதிவைக்கிறேன்: வளரும் மூளையில் குளூட்டமேட் ரிசப்டர் சப்யூனிட்கள், அதாவது குளூட்டமேட் என்ற நரம்புச் சமிக்ஞைப் பொருளை ஏற்கும் ரிசப்டரின் புரத உறுப்புகள். இந்த ரிசப்டர்களை ஏஎம்பிஏ (சப்யூனிட் பெயர் குளூஏ), என்எம்டிஏ (குளூஎன்), கைனேட் (குளூகே) என்று வகை பிரிப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நேராகத் தவறுக்கு வருகிறேன். ஆர்என்ஏ எடிட்டிங் என்றால் மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏ-வில் எழுத்தை மாற்றுவது. அதை வைத்து எழுதப்படும் தவறான வரி இது: "மூளை வளர வளர குளூஏ2-வின் க்யூ/ஆர் இடத்தில் ஆர்என்ஏ எடிட்டிங் கூடுகிறது, அதனால் ஏஎம்பிஏ ரிசப்டர் வழியே கால்சியம் நுழைவது குறைகிறது." படித்தால் தலை தானாக ஆடும். பின்பாதி சரி, காரணம் தப்பு. குளூட்டமினுக்கான (க்யூ) கோடானை ஆர்ஜினின் (ஆர்) என்று படிக்கும்படி ஏடார்2 நொதி மாற்றுகிறது. குளூஏ2-வில் இது கருவிலேயே கிட்டத்தட்ட நூறு சதவீதம் நடந்துவிடுகிறது. வயதோடு கூடுவது குளூஏ2-வின் அளவு. இளம் நியூரானில் அது பற்றாக்குறை. அது சேராமல் அமைந்த டெட்ராமர்கள்தான் (நான்கு சப்யூனிட் சேர்ந்த ரிசப்டர்கள்) கால்சியத்தை உள்ளே விடுகின்றன.

எடிட்டிங்கே வயதோடு கூடும் இடங்களும் உண்டு: குளூஏ2, 3, 4-இன் ஆர்/ஜி இடம் (ஆர்ஜினின் கிளைசினாகும் இடம்), கைனேட் பக்கம் குளூகே2-வின் க்யூ/ஆர் இடம். அந்த 'க்யூ/ஆர்' இரண்டிலும் ஒரே பெயராக இருப்பதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. நூறு முறை சொன்னாலும் போதாது: கேள்வியில் எடிட்டிங் என்று கண்டால், எந்த சப்யூனிட், எந்த இடம் என்று பார்க்காமல் விடையைத் தொடாதீர்கள். ஏடார்2 இல்லாத சுண்டெலி வலிப்பு வந்து சில வாரங்களில் இறந்துபோகும். குளூஏ2 மரபணுவிலேயே ஆர்ஜினினை எழுதிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும்.

ஏஎம்பிஏ ரிசப்டரின் மின்னோட்டம்–மின்னழுத்த வரைபடம் வந்தால் நேர் மின்னழுத்தப் பக்கத்தைப் பாருங்கள். கோடு நேராக ஏறினால் குளூஏ2 இருக்கிறது. படுத்துவிட்டால் இல்லை; செல்லுக்குள் இருக்கும் ஸ்பெர்மின் என்ற பாலிஅமீன் ரிசப்டரின் துளையை அடைக்கிறது. ஹோல் செல் பதிவில் பிப்பெட் செல்லின் உட்புறத்தோடு இணைந்திருக்கும்; அதன் கரைசலில் ஸ்பெர்மின் போடாவிட்டால் அது செல்லிலிருந்து கழுவிப்போய், குளூஏ2 இல்லாமலேயே கோடு நேராகத் தெரியலாம்.

அடுத்து என்எம்டிஏ. அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய எனக்கு வராது, வரைந்தால்தான் நிற்கும். ஒரு தாளில் மூன்று சப்யூனிட்களின் மின்னோட்டத்துக்கு மூன்று அலைகள் போடுங்கள், உச்சம் ஒரே உயரத்தில். குளூஎன்2ஏ (சுருக்கமாக 2ஏ; மற்றவையும் இப்படியே) பத்துக்கணக்கான மில்லிவினாடியில் இறங்குகிறது, 2பி சில நூறு மில்லிவினாடியில், 2டி வினாடிக்கணக்கில். இப்போது வயதை மேலே எழுதுங்கள். கருவில் 2பி-யும் 2டி-யும். பிறந்தபின் 2ஏ ஏறுகிறது, எலியில் முதல் இரண்டு மூன்று வாரங்களில். ஆக, குட்டியின் அலை நீண்ட நேரம் நிற்கும், வளர்ந்ததன் அலை சீக்கிரம் அடங்கும். 2சி தனிக்கதை: பிறந்தபின், முக்கியமாகச் சிறுமூளை கிரான்யூல் செல்களில்.

சேர்த்துப் படிக்க வேண்டியவை:

- ஐஃபென்ப்ரோடில் என்ற மருந்து 2பி-யை அடைக்கும். நானோமோலார் துத்தநாகம் 2ஏ-வை. மக்னீசியம் அடைப்பு 2சி, 2டி-யில் தளர்வு.
- ஐஃபென்ப்ரோடிலுக்குப் பிறகு மிஞ்சுவது முழுக்க 2ஏ அல்ல. ஒரே ரிசப்டரில் 2ஏ-வும் 2பி-யும் சேர்ந்திருந்தால் மருந்து அரைகுறையாகத்தான் வேலை செய்யும்.
- இருட்டில் வளர்த்த எலியின் பார்வைப் புறணியில் 2பி-யிலிருந்து 2ஏ-வுக்கு மாறுவது தாமதமாகும். வெளிச்சம் காட்டினால் சில மணி நேரத்திலேயே 2ஏ ஏறத் தொடங்கும்.
- நாக்அவுட் (மரபணுவை நீக்கிய சுண்டெலி): என்எம்டிஏ ரிசப்டருக்குக் கட்டாயம் வேண்டிய குளூஎன்1 போனால் பிறந்த ஒரு நாளுக்குள் சாவு. 2பி போனால் பால் குடிக்க முடியாமல் சாவு. 2ஏ போனால் பிழைக்கும்.
- பழைய கட்டுரைகளில் சுண்டெலியின் எப்சிலான்1 என்பது 2ஏ, எப்சிலான்2 என்பது 2பி, ஸீட்டா1 என்பது குளூஎன்1. எண்ணும் எழுத்தும் வரிசையாகப் பொருந்துவதால் குழப்பம் இல்லை.
- ஏஎம்பிஏ சப்யூனிட்களின் இரண்டு ஸ்ப்ளைஸ் வடிவங்களில் (ஒரே மரபணுவிலிருந்து வருபவை), வளர்ச்சியில் ஃபிளிப் முன்னால், ஃபிளாப் பின்னால். ஃபிளாப் பொதுவாக வேகமாக டீசென்சிடைஸ் ஆகும், அதாவது குளூட்டமேட் இருக்கும்போதே மூடிக்கொள்ளும்.

கடைசியாக சைலன்ட் சினாப்ஸ். அந்த நரம்பு இணைப்பில் என்எம்டிஏ ரிசப்டர் மட்டும் இருக்கிறது, ஏஎம்பிஏ இன்னும் வரவில்லை. −60 மில்லிவோல்ட்டில் ஒன்றும் தெரியாது, +40-இல் மின்னோட்டம் வரும். காரணம் மக்னீசியம் அடைப்பு. இதுவரை எல்லோரும் எழுதிவிடுவார்கள். வெளிக்கரைசலில் மக்னீசியம் சேர்க்கவில்லை என்று கேள்வி ஓரமாகச் சொல்லியிருந்தால் −60-இலேயே மின்னோட்டம் வந்துவிடும். 'சைலன்ட்' என்று பார்த்ததுமே பூஜ்யத்தைத் தேர்ந்தெடுத்தால் நெகட்டிவ் மார்க்தான்.