ஆலப்புழை: படகு வீட்டில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும்

ஆலப்புழைக்குச் சுற்றுலா போகிறவர்களில் பெரும்பாலோர் ரயிலடியிலிருந்து நேரே படகுத்துறைக்குப் போகிறார்கள், மறுநாள் படகுத்துறையிலிருந்து நேரே ரயிலடிக்கு வந்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் ஊரைப் பார்ப்பதே இல்லை. தாங்கள் படுத்துத் தூங்கியது ஒரு காலத்துச் சரக்குப் படகு என்பதும், அந்தச் சரக்கெல்லாம் போய் இறங்கிய துறைமுகம் படகுத்துறைக்கு மேற்கே சுமார் 3 கிலோமீட்டரில்தான் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. காயல் என்கிற உப்பங்கழியையும் கடற்கரையையும் ஒரே பயணத்தில் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஊர் பிடிபடும். அதற்கு ஒன்றரை நாள் போதும்.

முதலில் படகு. அந்தச் சரக்குப் படகின் பெயர் கெட்டுவள்ளம், நம் காதுக்குப் புரிகிற சொல்தான்: கட்டிய வள்ளம். அயினி மரப் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துச் சேர்ப்பார்கள். பலகையின் விளிம்பு நெடுகத் துளை போட்டு, இரண்டு பலகை சேரும் இடுக்கில் தேங்காய் நாரைத் திணித்து, கயிற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கோத்து இழுத்து இறுக்குவார்கள். அதன் மேல் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து காய்ச்சி எடுத்த கறுப்பு எண்ணெயைப் பூசுவார்கள். தண்ணீரில் இருக்கும்வரை மரம் ஊறி, தையல் இறுகி நிற்கும். நாள்கணக்கில் கரையில் காய விட்டால் பலகை சுருங்கி இடுக்கு விடும். கயிறும் காலத்தில் நைந்துவிடும் என்பதால் அவ்வப்போது கரையேற்றி, நைந்த தையலைப் பிரித்து மறுபடி தைத்து, புது எண்ணெய் பூசியாக வேண்டும். இந்தப் பராமரிப்பு ஒழுங்காக நடந்தால் வள்ளம் பல பத்தாண்டுகள் உழைக்கும்.

இந்த வள்ளங்கள், ஆலப்புழையை ஒட்டிய தாழ்வான வயல்நாடான குட்டநாட்டின் நெல்லையும் தேங்காயையும் கயிற்றையும் ஆலப்புழைக்குக் கொண்டுவந்தன. பெரியவை முப்பது டன் வரை ஏற்றும். ஆழம் குறைந்த இடத்தில் கழுக்கோல் ஊன்றித் தள்ளுவார்கள், காற்று வாகாக இருந்தால் பாய் கட்டுவார்கள். சாலைகளும் லாரிகளும் வந்த பிறகு வள்ளங்களுக்கு வேலை போயிற்று. 1990-களின் தொடக்கத்தில் அவற்றின் மேல் மூங்கிலும் பாயும் கொண்டு கூரை போட்டு, அறை பிரித்து, படகு வீடாக்கினார்கள். இன்று துறையில் நிற்கும் பல அறைகள் கொண்ட இரண்டு மாடிப் படகுகள் பல இதற்கென்றே புதிதாகக் கட்டியவை. பழைய வள்ளம்தான் வேண்டும் என்றால் ஒன்றிரண்டு அறை கொண்ட படகைக் கேளுங்கள். ஏறியதும் முன்முனையில் கூரைக்குக் கீழே குனிந்து உட்புறப் பலகையைப் பாருங்கள். விரற்கடை இடைவெளியில் கறுத்துப்போன கயிற்றுத் தையல் வரிசையாகத் தெரிந்தால் அது அசல் கெட்டுவள்ளம்.

பதிவு செய்யும்போது படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். ஒரே படத்தைப் பல தரகர்கள் காட்டுவார்கள். கூட்டமில்லாத வார நாளில் போகிறீர்கள் என்றால், காலை 10 மணிக்குப் புன்னமடையிலுள்ள ஃபினிஷிங் பாயின்ட் துறைக்கோ பள்ளாத்துருத்திக்கோ நேரே போய், நாலைந்து படகில் ஏறிப் பார்த்து முடிவு செய்வதே நல்லது. அதற்கு முந்தைய இரவு தங்கியவர்கள் அப்போதுதான் இறங்கியிருப்பார்கள், படகு உள்ளபடியே கண்ணில் படும். டிசம்பர் கடைசி வாரத்திலும் நீண்ட விடுமுறைகளிலும் இது நடக்காது, முன்கூட்டியே பதிவு செய்யத்தான் வேண்டும். வாடகையும் கணிசமாக ஏறியிருக்கும்.

படகில் பார்க்க வேண்டியவை: வெளிப்புறத்தில் 'கே.ஐ.வி.' என்று தொடங்கும் பதிவெண் எழுதியிருக்கிறதா, ஆளுக்கு ஒரு உயிர்காப்பு உடை கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, தீயணைப்பான் சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கிறதா. குழந்தைகளோடு போகிறவர்கள் முன்தளத்துக் கைப்பிடியின் உயரத்தையும் பார்க்க வேண்டும், சில படகுகளில் அது முழங்கால் அளவுதான். எஞ்சினும் ஜெனரேட்டரும் சமையலறையும் பின்பக்கம் இருப்பதால் கடைசி அறையில் சத்தமும் டீசல் வாடையும் வரும், முன் அறையைக் கேட்டு வாங்குங்கள். ஏசி பற்றி வாய்விட்டுக் கேளுங்கள். சாதாரண வாடகையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரைதான் ஓடும், பகலிலும் வேண்டுமானால் தனி விலை. அதைவிட முக்கியமான கேள்வி, இரவு கட்டும் இடத்தில் கரையிலிருந்து மின்இணைப்பு உண்டா என்பது. இல்லையென்றால் இரவு முழுக்க ஜெனரேட்டர் ஓடும். உங்கள் படகில் ஓடாவிட்டாலும் பக்கத்தில் கட்டிய படகில் ஓடும். கழிவறைத் தொட்டியைப் பற்றியும் கேளுங்கள். கழிவைக் காயலில் விடாமல் தொட்டியில் சேர்க்கிற படகைத் தேடிப் பிடிப்பது நம் கடமை. அந்தத் தண்ணீரில்தான் குட்டநாட்டுக்காரர்கள் குளிக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிநீருக்கு அவர்கள் படும் பாடு பெரிது.

நேரக் கணக்கு பலருக்கு ஏமாற்றம் தருகிறது. பகல் 12 மணிக்கு ஏறி மறுநாள் காலை 9 மணிக்கு இறங்க வேண்டும். கேட்க 21 மணி நேரம். படகு ஓடுவது ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். 1 மணி வாக்கில் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள், மாலை ஐந்தரைக்குக் கரையோரம் கட்டிவிடுவார்கள். இருட்டிய பிறகு மீனவர்கள் வலை விரிக்கும் நேரம், அந்த வலைகள் எஞ்சின் விசிறியில் சிக்கினால் இரண்டு பக்கமும் நஷ்டம். அதனால் படகோட்டியிடம் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஏறத் தாமதமானால் போன நேரம் போனதுதான், 2 மணிக்கு வந்தவருக்காகப் படகு இருட்டில் ஓடாது. கொசு மாலையில் படகு நின்றதும் வரும், அறைச் சன்னல்களை 5 மணிக்கே மூடச் சொல்லிவிடுங்கள்.

எந்த வழி போவது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அதனால் எல்லாப் படகும் புன்னமடைக் காயலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகின்றன. அகன்ற நீர்ப்பரப்பு பார்க்க அழகுதான், ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். என் பரிந்துரை, கைனகரி வழியாகச் சித்திரைக் காயல், ஆர் பிளாக் பக்கம் போகச் சொல்வது. இல்லையென்றால் தெற்கே பம்பை ஆற்றோடு நெடுமுடி, சம்பக்குளம். சம்பக்குளத்தில் கரையிலேயே பழமையான மாதா கோயில் இருக்கிறது. கைனகரியில் புனித சாவறா குரியாக்கோஸ் 1805-இல் பிறந்த வீட்டைப் படகிலிருந்து இறங்கிப் பார்க்கலாம். ஏறுவதற்கு முன்பே வழியைப் பேசி முடித்துவிடுங்கள், நடுக்காயலில் பேச்சு எடுபடாது. தோடு எனப்படும் ஒடுங்கிய வாய்க்கால்களுக்குள் படகு வீடு நுழையாது. மாலையில் படகைக் கட்டியதும் சிறு வள்ளம் ஒன்றை ஒரு மணி நேரத்துக்குப் பேசி உள்ளே போய் வாருங்கள். வீட்டு வாசலில் துணி துவைப்பதும், கடைக்காரர் சாமான் ஏற்றி வருவதும், வாத்துக் கூட்டத்தை வள்ளத்தில் இருந்தபடியே மேய்ப்பதும் அங்கேதான்.

ஆர் பிளாக் பக்கம் போகும்போது மேல்தளத்தில் நின்றுகொள்ளுங்கள். இந்தப் பக்கம் காயல். நடுவில் தென்னை வரிசையும் வீடுகளும் நிற்கும் குறுகிய மண்வரப்பு. அந்தப் பக்கம் வயல், காயல் நீர்மட்டத்துக்கு ஓர் ஆள் உயரம் கீழே. கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிற இந்த வேளாண்மையை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் உலக வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டது. காயலுக்குள் தென்னங்கம்புகளை இரண்டு வரிசையாக அடித்து இறக்கி, இடையில் மணலும் தழையும் போட்டு, காயலின் அடியில் முங்கி அள்ளி வந்த களிமண்ணால் மெழுகி வரப்பு எழுப்பினார்கள். முங்கியவர்களில் பெரும்பாலோர் புலையர் முதலான ஒடுக்கப்பட்ட சமூகத்து உழைப்பாளிகள். பிறகு உள்ளே இருந்த தண்ணீரை வெளியேற்றினார்கள், தொடக்கத்தில் காலால் மிதிக்கும் சக்கரங்களால், பின்னர் எஞ்சினால். 1940-களில், உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்தில், ஜோசப் முரிக்கன் என்ற நிலக்கிழார் மீட்டெடுத்த மூன்று காயல் நிலங்களுக்குச் சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று திருவிதாங்கூர் அரச குடும்பத்தை ஒட்டிப் பெயர் வைத்தார்.

தண்ணீர் இறைக்க இன்றும் பல இடங்களில் இருப்பது 'பெட்டியும் பறையும்'. நிமிர்ந்து நிற்கும் பெரிய மரப்பீப்பாய்தான் பறை. அதற்குள் மோட்டார் பெல்ட்டால் சுழலும் விசிறி தண்ணீரை மேலே தூக்கும். பறையின் தலையிலிருந்து கிடையாக நீளும் மரப்பெட்டி வரப்பைத் தாண்டி அதைத் தோட்டில் கொட்டும். அக்டோபர், நவம்பரில் விதைப்புக்கு முன் போனால், பழுப்பு நிறத் தண்ணீர் பெட்டி வாயிலிருந்து கனமாக விழுவதைப் படகிலிருந்தே பார்க்கலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வயல் பச்சை, மார்ச் ஏப்ரலில் அறுவடை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, வெள்ளம் வந்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். நேரு கோப்பைப் படகுப் போட்டி ஆகஸ்டில் நடக்கும் நாளில் புன்னமடைப் பக்கம் படகு வீடு போக முடியாது, தேதியைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

கோடையில் போகிறவர்கள் தோடுகளை அடைத்து நிற்கும் ஆகாயத்தாமரையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். உப்புநீர் பட்டால் அந்தச் செடி சாகும். கடல் உப்பு வயலுக்குள் ஏறாமல் தடுக்க 1970-களில் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டினார்கள். டிசம்பர் நடுவில் மதகுகளை அடைத்ததும் தெற்கே தண்ணீர் தேங்கி, உப்பும் ஏறாமல் செடி தழைக்கிறது. நெல்லுக்கு நன்மை செய்த அதே சுவர் மீனுக்கும் நீரோட்டத்துக்கும் கேடாயிற்று. இந்த விவாதம் இன்றும் தீரவில்லை.

குட்டநாடு என்ற பெயரும் நமக்குப் புதிதல்ல. கொடுந்தமிழ் நாடுகள் பன்னிரண்டில் குட்டம் ஒன்று, சேரர்களுக்குக் குட்டுவன் என்ற பட்டப்பெயர் உண்டு. குட்டம் என்றால் ஆழமான நீர்நிலை.

சாப்பாடு வாடகையிலேயே சேர்ந்துவிடும்: மட்டையரிசிச் சோறு, மீன் குழம்பு, பொரித்த கரிமீன். ஆற்றுக்கொஞ்சு எனும் பெரிய ஆற்று இறால் வேண்டுமானால் வழியில் கரையோரக் கடையில் நிறுத்துவார்கள். எடை போட்டு, விலையைக் கேட்ட பிறகே வாங்குங்கள். சமைத்துத் தருவதற்குக் கூலி உண்டா என்பதையும் சமையல்காரரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

9 மணிக்கு இறங்கினால், சென்னைக்கு நேரே போகும் ரயில் பிற்பகலில்தான். இடையில் இருக்கும் நேரம் ஊருக்கு. பெட்டிகள் இருந்தால் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள், கைவீசி வந்தவர்கள் நடக்கலாம். பேருந்து நிலையத்தை ஒட்டிய போட் ஜெட்டியிலிருந்து வாடைத்தோட்டின் கரையோடு மேற்கே போக வேண்டும். இதற்குத் தெற்கே இணையாக வணிகத்தோடு ஓடுகிறது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொச்சி டச்சுக்காரர் கையில் இருந்தது, திருவிதாங்கூருக்குத் தன் மிளகை விற்கச் சொந்தத் துறைமுகம் தேவைப்பட்டது. மன்னர் தர்மராஜா ஆட்சியில் அந்தத் துறைமுகத்தை வளர்த்தவர் திவான் ராஜா கேசவதாஸ், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்தில் பிறந்தவர். வள்ளத்தில் வந்த சரக்கைக் கடற்கரைவரை கொண்டுசேர்க்கத்தான் இந்தத் தோடுகள். கரையோரம் இரட்டைக் கதவுகளும் ஓட்டுக்கூரையுமாக நிற்கும் பழைய கட்டடங்கள் அந்தக் காலத்துப் பண்டகசாலைகள். குஜராத்தி வணிகர்களையும் வரவழைத்துக் குடியமர்த்தினார்கள், அவர்கள் தெருவும் சமணக் கோயிலும் இன்னும் இருக்கின்றன.

1859-இல் ஜேம்ஸ் டாரா இங்கே முதல் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அந்தத் தொழிலாளர்கள் 1922-இலேயே சங்கம் கண்டார்கள். திவான் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சிக்கு எதிராக 1946 அக்டோபரில் புன்னப்புறையிலும் வயலாறிலும் எழுந்து சுடப்பட்டவர்களில் அவர்கள் பலர். வலிய சுடுகாட்டு நினைவிடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, கட்டாயம் போய் நின்றுவிட்டு வாருங்கள்.

கடற்கரையில், கப்பல் சரக்குக்காக 1862-இல் கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலத்தின் துருப்பிடித்த தூண்கள் மட்டும் அலையில் நிற்கின்றன. அதே ஆண்டின் கலங்கரை விளக்கம் சிவப்பு வெள்ளைப் பட்டைகளோடு பின்னால் நிற்கிறது. திறக்கும் நேரத்தைக் காலையிலேயே விசாரித்துக்கொண்டால் மேலே ஏறலாம். இங்கே கப்பல் ஒதுங்க வளைகுடா எதுவும் கிடையாது. ஆனால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கரைக்கு அருகே சேறு கலங்கி மிதக்கும், அந்தச் சேறு அலையை விழுங்கிக் கடலைக் குளமாக்கிவிடும். இதைச் சாகரை என்பார்கள். மேற்குக் கடற்கரையின் மற்ற இடங்களில் கடல் கொந்தளிக்கும்போது இங்கே கப்பல்கள் நங்கூரமிட முடிந்தது அதனால்தான். மீனவர்களுக்கு இன்றும் அது கொண்டாட்டக் காலம். கொச்சியில் நவீனத் துறைமுகம் எழுந்த பிறகு கப்பல்கள் அங்கே போய்விட்டன.

இன்னொரு நாள் கையில் இருந்தால் காயலின் கிழக்குக் கரையிலுள்ள வைக்கத்துக்குப் போகலாம். கோயில் தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காக 1924-25-இல் நடந்த போராட்டத்தில் பெரியார் சிறை சென்ற ஊர், அங்கே அவருக்கு நினைவகம் இருக்கிறது. படகு வீட்டு வாடகை கட்டுப்படியாகாதவர்கள் ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குப் போகும் அரசு நீர்ப் போக்குவரத்துப் படகில் ஏறலாம். குட்டநாட்டுக்குள் இரண்டரை மணி நேரம், கட்டணம் பேருந்து டிக்கெட் அளவுதான், பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மீன்கூடைகளும்.

கடற்கரையிலிருந்து ரயிலடி நடக்கிற தூரம்தான், படகுத்துறைக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை.