ரெண்டு ஓ-ரிங்குக்காக இன்ஜினை இறக்கின கதை

ஹீட்டர் போட்டாலே காருக்குள்ள கருகின ஆயில் வாடை. பழைய போர்ஷே 911 ஏர்-கூல்ட் வண்டி, தண்ணி, ரேடியேட்டர் எதுவும் கிடையாது, எக்ஸாஸ்ட் குழாயைச் சுத்தி சூடாகிற காத்துதான் ஹீட்டர் வழியா உள்ள வரும், அதனால குழாய் மேல நாலு சொட்டு ஆயில் விழுந்தாக்கூட நேரா மூக்குல ஏறும். என்னுது 1986 கரேரா 3.2. ஒர்க்‌ஷாப்ல காட்டினப்போ கீழேருந்து டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு கிரான்க்கேஸ் (இன்ஜினோட மெயின் கூடு) ஜாயின்ட்லயே லீக், இன்ஜினை முழுசா பிரிக்கணும்னுட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல. மிச்சிகன்ல பனி ஆரம்பிச்சா ரோட்ல உப்பைக் கொட்டிடுவாங்க, பட்டா வண்டி துருப்பிடிச்சிடும், எப்படியும் ஏப்ரல் வரைக்கும் வண்டி வெளிய போகாது, சரி நாமளே இறக்கிப் பார்த்துடலாம்னு முடிவு பண்ணேன்.

இந்த வண்டில இன்ஜினை மேல தூக்க முடியாது, கியர்பாக்ஸோட சேர்த்து கீழதான் இறக்கணும். புடிச்சிட்டு இருக்கறது நாலே நாலு பெரிய போல்ட்தான், ஆனா அதுக்கு முன்னாடி பேட்டரி, பத்து லிட்டர் ஆயில், பெட்ரோல் லைன், கிளட்ச் கேபிள், ரெண்டு பக்க ஆக்சில், பின்சீட்டுக்கு நடுவுல மூடிக்குள்ள இருக்கற கியர் ராடு ஜாயின்ட்னு ஒவ்வொண்ணா கழட்டணும். ஒவ்வொரு வயரையும் கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, டேப் ஒட்டி பேர் எழுதுங்க.

இறக்கற அன்னிக்கு ஃப்ரெண்டு வந்திருந்தான். பைக் தூக்கற ஜாக்கி மேல ப்ளைவுட் போட்டு மெதுவா இறக்கறேன், ரெண்டு இன்ச் வந்ததும் "மச்சி நிறுத்து நிறுத்து, முன்னாடி எதோ இழுக்குது"ன்னான். படுத்துப் பார்த்தா கியர்பாக்ஸ்லேருந்து பாடிக்குப் போற எர்த் பட்டை, கழட்டாம விட்டிருக்கேன். 250 கிலோவுக்கு மேல வெயிட்டு, அவன் கண்ணு மட்டும் அங்க இல்லேன்னா பட்டை அறுந்து இன்ஜின் ஜாக்கிலேருந்து சாஞ்சிருக்கும். தனியா இந்த வேலையை செய்யாதீங்க, ப்ளீஸ்.

இன்ஜின் வெளிய வந்ததும் கழுவ கை பரபரக்கும். கழுவாதீங்க! அந்த பிசுக்குலதான் எல்லா விஷயமும் இருக்கு. பழைய லீக் தூசியோட சேர்ந்து கருப்பா கெட்டியா காஞ்சு கிடக்கும், இப்ப நடக்கற லீக் ஈரமா பளபளன்னு ஒரு கோடு மாதிரி போகும், அந்தக் கோட்டை கீழேருந்து மேல விரலால தொட்டுக்கிட்டே போனேன், ஜாயின்ட்டைத் தாண்டி, ஃபேனுக்குப் பின்னாடி, உச்சில இருக்கற ஆயில் தெர்மோஸ்டாட்ல (ஆயில் சூட்டைப் பொறுத்து வழி திறக்கற வால்வு) போய் நின்னுச்சு. வண்டிக்குள்ள இருக்கறப்போ யார் கண்ணுக்கும் தெரியாத இடம், அங்கேருந்து வழிஞ்சு கீழ சொட்டறதாலதான் கிரான்க்கேஸே லீக் மாதிரி தெரிஞ்சிருக்கு. தெர்மோஸ்டாட்டோட ஓ-ரிங்கை, அதாவது ஆயில் கசியாம அடைக்கற ரப்பர் வளையத்தை, நகத்தால நெம்பினேன், பிளாஸ்டிக் மாதிரி டக்குனு ஒடைஞ்சுது. லீக்கான இன்னொரு ஓ-ரிங் வலது பக்கம் ஆயில் ரிட்டர்ன் ட்யூப்ல, ஆயில் கிரான்க்கேஸுக்குத் திரும்பற குழாய் அது. ஒரிஜினல் ட்யூபை சிலிண்டர் ஹெட் கழட்டாம மாத்த முடியாது, அதை வெட்டி எடுத்துட்டு ரெண்டு துண்டா நீட்டி மாட்டற ட்யூப் போட்டேன்.

அதுக்கப்புறம்தான் கழுவினேன். இன்டேக், எக்ஸாஸ்ட் ஓட்டை எல்லாத்தையும் அடைச்சுட்டு டிகிரீசரும் பிரஷ்ஷும் வச்சு ரெண்டு நாள். சிலிண்டர் ஃபின் (சூட்டை வெளியேத்தற தகடு) இடுக்குல காஞ்ச எலை, எலி கொண்டாந்து வச்ச பஞ்சு, அவ்வளவு குப்பை. காத்துல ஆறற இன்ஜினுக்கு இது மூச்சை அடைச்ச மாதிரி, லீக்கை விட இதைப் பார்த்துதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

இன்ஜின் வெளியதானே இருக்குன்னு ஃப்ளைவீல் சீல், கிளட்ச் பிளேட், வால்வ் கவர் கேஸ்கெட் எல்லாம் மாத்திட்டேன். டேப்பெட்டும் (வால்வுக்கும் அதை அமுக்கற பாகத்துக்கும் நடுவுல விடற இடைவெளி) 0.1 மில்லிமீட்டர்ல செட் பண்ணேன், 12 வால்வு. கீழ்ப்பக்க எக்ஸாஸ்ட் டேப்பெட்டை வண்டிக்கு அடியில படுத்து செட் பண்றதுக்கும் இப்படி முகத்துக்கு நேரா வச்சு பண்றதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஏத்தினதும் முதல்ல மாட்டினது அந்த எர்த் பட்டையைத்தான். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம இருக்க பெட்ரோல் பம்புக்கு கரன்ட் குடுக்கற ரிலேவைக் கழட்டிட்டு ஆயில் பிரஷர் முள் எழும்பற வரைக்கும் வெறும் ஸ்டார்ட்டர்ல சுத்த விட்டேன், அப்புறம் ரிலேவைப் போட்டு சாவியைத் திருப்பினா ரெண்டாவது சுத்துல புடிச்சுது. அடியில அட்டை விரிச்சு ஒரு வாரம் பார்த்தேன், இடது பக்க செயின் கவர் கிட்ட மட்டும் லேசா ஒரு ஈரம், அதை அடுத்த பனிக்காலத்துல பார்த்துக்கறேன். ஹீட்டர்ல வாடை சுத்தமா போயிடுச்சு.