ஒரு வரி பெட்ச் கெர்னலுக்குள் போன கதை

இலங்கை மலையகத்தில் டயகமவுக்கு மேலே எங்கள் தோட்டத்துக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை, மொபைல் இணையம் தரும் யூஎஸ்பி மோடமான டொங்கிள்தான். புதிதாக வாங்கியதில் லினக்ஸில் இணையம் வந்தது, ஆனால் ஏடி கட்டளை (மோடத்துக்குக் கொடுக்கும் சிறு உத்தரவு) அனுப்பும் போர்ட்டைக் காணோம். அது இல்லாமல் சிக்னல் அளவைப் பார்க்க முடியாது. இந்த மலைச்சரிவில் அதைப் பார்க்காமல் டொங்கிளை எந்த ஜன்னலில் வைப்பது?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ‘ஆப்ஷன்’ என்று மோடம்களின் போர்ட்களைக் கையாளும் ஒரு டிரைவர் இருக்கிறது. அதற்குத் தெரிந்த மோடம்களின் வென்டர் ஐடி (நிறுவன எண்), புராடக்ட் ஐடி (மொடல் எண்) எல்லாம் ஒரு நீண்ட அட்டவணையில் இருக்கும். என் மொடல் அதில் இல்லை, அவ்வளவுதான். கெர்னலை மாற்றிக் கம்பைல் செய்வதற்கு முன்பே, ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) இருந்து டிரைவரின் நியூ_ஐடி கோப்பில் அந்த இரண்டு எண்களையும் எழுதிப் பார்த்தேன், போர்ட்கள் வந்துவிட்டன.

கெர்னலிலேயே இது வர, அந்த அட்டவணையில் சேர்க்க வேண்டியது ஒரே வரி, அந்த மாற்றத்தைத்தான் பெட்ச் என்பார்கள். ஆனால் டிரைவருக்குப் பொறுப்பான மெயின்டெய்னர் கையில் என் டொங்கிள் இல்லையே, அவர் எதை நம்பி அதை ஏற்பார்? அதனால் டிரைவரின் மூலக் கோப்புக்கான கிட் லொக்கை, அதாவது அதில் நடந்த மாற்றங்களின் பதிவைத் திறந்து, முன்பு ஏற்கப்பட்ட பெட்ச்களை உட்கார்ந்து வாசித்தேன் (எந்த வழிகாட்டியையும்விட இதுதான் உதவியது). எல்லாம் ஒரே அச்சு: தலைப்பு ‘யூஎஸ்பி: சீரியல்: ஆப்ஷன்:’ என்று தொடங்கும், மோடத்தின் எந்த இன்டர்ஃபேஸ் (உள் இணைப்பு) ஏடி, எது டயக்னொஸ்டிக், எது நெட்வொர்க் என்று சொல்லும், யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் யூஎஸ்பி-டிவைசஸ் கட்டளையின் வெளியீடு அப்படியே கீழே இருக்கும். நானும் அப்படியே எழுதி, இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று சொல்லும் சைன்ட்-ஆஃப்-பை வரி போட்டு, எழுத்து நடையைச் சரிபார்க்கும் செக்பெட்சில் ஓட்டி, கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் காட்டிய முகவரிகளுக்கு கிட் சென்ட்-ஈமெயிலில் அனுப்பினேன். உலாவியிலிருந்து அனுப்பினால் டேப் எல்லாம் ஸ்பேஸ் ஆகிவிடலாம், அப்புறம் பெட்ச் பொருந்தாது.

பதில் இல்லை. ஹட்டனில் கடை வைத்திருக்கும் அண்ணன், “தம்பி, மறந்திருப்பாங்க, இன்னொருக்கா அனுப்பு” என்றார். நான் அனுப்பவில்லை. குறைந்தது ஒரு வாரமாவது பொறுக்கச் சொல்கிறது கெர்னல் ஆவணம், அதுவும் அப்போது அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் இரண்டு வார மெர்ஜ் விண்டோ நடந்துகொண்டிருந்தது, அந்த நேரத்தில் அவர்களுக்கு மூச்சுவிடவே நேரம் இருக்காது.

அது முடிந்ததும் பதில் வந்தது, இரண்டே வரி. நெட்வொர்க் இன்டர்ஃபேஸை இந்த டிரைவர் பிடிக்காதபடி ஒதுக்கிவிட்டாயா, வரியை எண் வரிசைப்படி வைக்க முடியுமா. கேள்விக்குக் கீழேயே பதில் எழுதினேன், விவாதம் செய்யவில்லை. திருத்திய இரண்டாம் பதிப்பான வி2 அனுப்பும்போது, மாறியது என்ன என்பதை பெட்சில் வரும் ‘---’ என்ற மூன்று கோடுகளுக்குக் கீழே குறித்தேன், அந்த இடத்தில் எழுதுவது கமிட்டில் (நிரந்தரப் பதிவில்) சேராது. ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று வந்தது. புதிய ஐடிகளை, ஏற்கெனவே வெளிவந்து பராமரிக்கப்படும் ஸ்டேபிள் கெர்னல்களும் எடுத்துக்கொள்ளும் என்பதால் பழைய பதிப்புகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

நாம் நிறுவும் லினக்ஸ் தொகுப்பான டிஸ்ட்ரோவில் அப்டேட் வர இன்னும் நாளாகும். அதே மொடல் வைத்திருக்கும் தலவாக்கலைப் பையன்களுக்கு, அதுவரை, டொங்கிளைச் செருகியதும் நியூ_ஐடி எண்களைத் தானாக எழுதும் ஒரு யூடெவ் விதி அனுப்பியிருக்கிறேன்.