கொடைக்கானலுக்கு வந்த ஒரே ரயில்

எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு ரயில் நிலையம் உண்டு. கொடை ரோடு. ஆனால் அது மலைக்குக் கீழே, சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊட்டிச் சொந்தக்காரர்கள் யாராவது கல்யாண வீட்டில் தங்கள் பல்சக்கர ரயிலின் பெருமையை எடுத்தால் போதும், என் மாமனார், "எங்க ஊர்லயும் ரயில் இருக்கு, என் பீரோ மேல" என்பார்.

பொய் இல்லை. ஒரு அமெரிக்கப் பாதிரியார் குடும்பம் பங்களாவைக் காலி செய்தபோது வாங்கியதாம். லயனல் என்ற பொம்மை ரயில் கம்பெனியின் 2037 என்ற மாடல், 1950களில் வந்த நீராவி இன்ஜின் பொம்மை. மூன்று தண்டவாளம், நடுவில் இருப்பதில்தான் மின்சாரம். கூட வந்த டிரான்ஸ்பார்மர் 115 வோல்ட்டுக்கானது. நம் 230-இல் நேராகச் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. அதனால் ஒரு ஸ்டெப்-டவுன் பெட்டி வழியாக ஓட்டுகிறார். இன்ஜினைவிட அந்தப் பெட்டிதான் அதிகம் சத்தம் போடும்.

போன சீசனில் இன்ஜின் ஓடியது, புகை மட்டும் வரவில்லை. "புகை விடாத இதுக்கு டீசல் இன்ஜினே மேல், மாப்பிள்ளை" என்று என்னிடம் நீட்டினார். வயரிங் தெரிந்த மருமகன் கிடைத்தால் வேறென்ன செய்வார்கள்?

இந்தப் புகைக்குள் நல்ல தந்திரம் இருக்கிறது. லயனல் 1946-இல் முதலில் புகை விட்டபோது, தலையில் குழி வைத்த பல்பின் சூட்டில் மாத்திரையைப் போட்டுக் கிளப்பினார்கள். அடுத்த வருஷமே பல்பை விட்டுவிட்டு, மின்சாரத்தில் சூடேறும் நிக்ரோம் கம்பிக்கு மாறிவிட்டார்கள். புகைபோக்கிக்குள் ஒரு வில்லையைப் போட்டால் கம்பிச் சூட்டில் உருகிப் புகையும். சக்கரம் சுற்றச் சுற்ற ஒரு நெம்புகோல் குட்டிப் பிஸ்டனை ஏற்றி இறக்கும். அந்தக் காற்று அடியில் உள்ள துளை வழியாகப் போய்ப் புகையைக் குபுக் குபுக்கென்று தள்ளும்.

பெட்டியில் மிச்சமிருந்த வில்லை ஒன்றைப் பார்த்த மாமா, "இது கற்பூரம்தானே? பூஜை ரூம்ல நிறைய இருக்கு" என்றார். கற்பூரம் பற்றிக்கொள்ளும் மாமா என்று டப்பாவை வாங்கி வைத்தேன்.

பிரித்துப் பார்த்தால் உள்ளே கருப்புப் பிசின். வருஷக் கணக்கில் உருகிய வில்லைகளின் கழிவு இறுகி, காற்றுத் துளையை அடைத்து, பிஸ்டனையும் பிடித்து வைத்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊற வைத்து, மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி எடுத்தேன். உள்ளே திணித்திருந்த பழைய பொருளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் ஈரமாக்கித்தான் எடுத்தேன், முகக்கவசத்தோடு. ஊதவே கூடாது. மாமா ஊதத் தயாராக வாயைக் குவித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

நிக்ரோம் கம்பி முனையில் அறுந்திருந்தது. சால்டரிங் வைத்தால் ஒட்டாது, ஈயம் உருண்டையாகி ஓடிவிடும். ஒரு சுற்றைப் பிரித்து, செம்பு இழையோடு முறுக்கி, சின்னப் பித்தளைக் குழாயில் வைத்து நசுக்கினேன். ஒரு சுற்று குறைந்தால் சூடு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. இனி வில்லை வேண்டாம், புகை எண்ணெய் போதும் என்று, துளையை மறைக்காமல் கண்ணாடி இழைப் பஞ்சு வைத்தேன். சாதாரணப் பஞ்சு கருகிவிடும்.

சோதனை அன்று சாயங்காலம் இன்ஜின் ஜன்னலோரத் தண்டவாளத்தில் நின்றது. நான் கண்ட்ரோலரைத் தேடிக்கொண்டிருந்தேன். "வருது, வருது!" என்று மாமா கை தட்டினார். பேத்தி குதித்தாள். புகை திரண்டு திரண்டு வந்தது, மேஜையே மறைந்தது. பிளக்கையே இன்னும் செருகவில்லை. என் மனைவி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள், மேகம் உள்ளே வருவது நின்றது.

அப்புறம் நிஜமாகவே புகை வந்தது. மாமாவுக்குப் போதவில்லை. இந்தச் சாதனத்துக்கு வரும் நோயெல்லாம் இந்தப் போதாமையால்தான் என்பது என் கட்சி. சில சொட்டுக்கு மேல் ஊற்றினால் பஞ்சு மூழ்கி, புகை குறைந்து, எண்ணெய் மேலே தெறிக்கும். சொட்டே இல்லாமல் ஓட்டினால் பஞ்சு கருகிக் கம்பி போய்விடும். நின்ற இடத்தில் மின்சாரம் கொடுத்து வைத்தாலும் ஆபத்துதான். பிஸ்டன் ஓடாததால் காற்று இல்லை, சூடு முழுக்க ஒரே இடத்தில். இதையெல்லாம் சொன்னேன். "சரி மாப்பிள்ளை, சரி" என்றார்.

மறுநாள் நான் பஜாருக்குப் போன நேரத்தில், "நம்ம ஊர்லயே தைலம் காய்ச்சறான், வெளியூர் எண்ணெய் எதுக்கு?" என்று யூகலிப்டஸ் தைலத்தைப் புகைபோக்கியில் விட்டிருக்கிறார். சீக்கிரம் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு. நல்லவேளை, பற்றவில்லை. நான் திரும்பும்போது தெருமுனையிலேயே மூக்கு திறந்துகொண்டது. வழிந்த தைலத்தில் பெயிண்ட் இளகி, பாய்லர் மேல் மாமாவின் கட்டைவிரல் ரேகை பத்திரப் பதிவு மாதிரித் தெளிவாகப் பதிந்திருந்தது.

பக்கத்து வீட்டுப் பாட்டி தலையில் துண்டு போர்த்தி, தண்டவாளத்தின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார். "தம்பி, இன்னும் ரெண்டு சுத்து விடச் சொல்லு. ஒரு வாரமா மூச்சு விட முடியலை, இப்பத்தான் சளி கரையுது."

ரயிலை நிறுத்தி, எல்லாவற்றையும் மறுபடி பிரித்துக் கழுவி, புதுப் பஞ்சு வைத்து, சரியான எண்ணெயை நானே விட்டு ஓட்டிக் காட்டினேன். வெள்ளைப் புகை, சக்கரத்தோடு தாளம் தப்பாமல். பாட்டி கிட்டே வந்து மோந்து பார்த்தார்.

"இதுல வாசமே இல்லையே தம்பி. ரிப்பேர் பண்ணணும் போல இருக்கே."

மாமா என்னைப் பார்க்காமல் தைல பாட்டிலை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.