சகால் திரும்பிப் போகாத ஊர்

மார்க் சகாலின் 'நானும் கிராமமும்' ஓவியத்தை நேற்றிரவு மறுபடியும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை முகத்து மனிதனின் கண்ணையும் எதிரே நிற்கும் பிராணியின் கண்ணையும் (அது ஆடா மாடா என்பதில் எனக்கு இன்றும் தெளிவில்லை) மெல்லிய கோடு ஒன்று இணைக்க, அந்தப் பிராணியின் கன்னத்துக்குள்ளேயே ஒரு பெண் அமர்ந்து பால் கறக்கிறாள். மேலே சில வீடுகள் தலைகீழாக நிற்கின்றன. இன்றைய பெலாரஸில் இருக்கும் தன் ஊரான வீட்டெப்ஸ்கை நினைத்து, பாரிஸுக்கு வந்த மறுவருடமான 1911இல் அவர் தீட்டிய ஓவியம் இது.

1922இல் ரஷ்யாவை விட்டு வெளியேறியவர், 1973இல் மாஸ்கோவுக்கும் லெனின்கிராடுக்கும் வந்தபோதுகூட வீட்டெப்ஸ்குக்கு மட்டும் போகாமலே பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டார். போரில் சிதைந்து புதிதாகக் கட்டப்பட்ட ஊரைப் பார்த்து, தன் வண்ணங்களில் இருந்த ஊரை இழக்க அவருக்கு மனம் வரவில்லை என்றே எனக்குப் படுகிறது.