மாட்டைத் திருப்பாமலே திசை மாறிய இயந்திரம்

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரப் பேராலயத்தின் குவிமாடம் என்றாலே எல்லோரும் அதன் அழகைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம், அதைக் கட்டக் கட்டடக் கலைஞர் புரூனெலெஸ்கி செய்த பாரந்தூக்கி. பொற்கொல்லராகப் பயிற்சி பெற்ற மனிதர் அவர்! வேலை தொடங்கியது 1420இல்.

கீழே மாடுகள் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் நிற்கும் தண்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பல்சக்கரங்கள். அடியிலுள்ள திருகாணியால் தண்டைக் கொஞ்சம் ஏற்றினாலோ இறக்கினாலோ, கயிறு சுற்றும் உருளையோடு ஒரு சக்கரம் விலகி மற்றொன்று பொருந்தும். ஒன்றில் கல் மேலே போகும், மற்றொன்றில் கயிறு கீழே வரும். மாட்டை அவிழ்த்துத் திருப்பிப் பூட்டும் வேலையே இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் அந்தச் செங்கல் அடுக்கு. தரையிலிருந்து மர முட்டு கொடுக்காமலே கட்டினார்கள். படுக்கை வரிசைகளுக்கு நடுவே சில செங்கற்களை நிமிர்த்தி வைத்ததால், கலவை இறுகும்வரை புது வரிசை வழுக்காமல் நின்றது. 1436இல் குவிமாடம் முடிந்தது.

பிற்காலத்தில் லியொனார்டோ டா வின்சியும் புரூனெலெஸ்கியின் இயந்திரங்களை வரைந்து வைத்தார். அந்தப் படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள், அவசியம்.